லோக்கல் டிவியில் சித்தியின் கல்யாணம்

கண்ணாடி போடாமல் போனில் எழுத்துத் தெரியாத வயதுக்கு வந்துவிட்டோம் நாம். நம்மில் யாரைப் பார்த்தாலும் ஒரே பேச்சுதான். அந்தக் காலத்தில் டிவி பார்த்த சுகம் இப்போது உண்டா என்று. உங்களுக்கு வேண்டுமானால் அது சுகமாக இருந்திருக்கும். எனக்கு வேண்டாமய்யா அந்தச் சுகம். நீங்கள் சொல்லுகிற அதே காலத்தில், திருநெல்வேலி டவுணில், சாயங்காலம் ஒரு நாதஸ்வரச் சத்தம் கேட்டதும் எங்கள் வீட்டில் ஒருத்தி அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். டிவியில் அவளுடைய கல்யாணம் ஓடிக்கொண்டிருக்கும்.

லோக்கல் டிவி என்றால் இப்போதைய பிள்ளைகளுக்கு விளங்காது. உங்களுக்கு விளங்கும். கீழ ரத வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்து. சந்தில் ஒரு சைக்கிள் கடை. கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறை. அங்கே வீடியோ கேசட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர்தான் பிற்பாடு ஊருக்கெல்லாம் கேபிள் அண்ணாச்சி ஆனார். மொட்டை மாடிக்கு டிஷ்ஷைக் கயிறு கட்டி ஏற்றிய அன்று தெருவே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. "இந்தா பெரிய சட்டில யாருக்குச் சோறு பொங்கப் போறாவளாம்?" என்று எங்கள் எதிர்வீட்டு அத்தை சத்தமாகக் கேட்டாள். அதே அத்தைதான் முதல் மாதமே இணைப்பும் வாங்கினாள்.

கறுப்பு வயர் தெருத் தெருவாக வந்தது. வேப்பமரக் கிளையில் ஒரு சுற்று, விளக்குக் கம்பத்தில் ஒரு சுற்று, எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியில் ஒரு சுற்று. வயரில் காக்கா உட்கார்ந்தால் படம் ஆடும். நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெளியே ஓடிப் போய்க் கல்லெடுத்து எறிந்துவிட்டு வருவேன்.

வெளியூர்ச் சேனல்கள் தவிர அண்ணாச்சி தன் பங்குக்குச் சொந்தமாகவும் ஒன்று நடத்தினார். அதற்குப் பெயர் வைத்து, போர்டு எழுதி, தேங்காய் உடைத்தார். ஒருத்தராவது அந்தப் பெயரைச் சொல்ல வேண்டுமே! "லோக்கல்ல என்ன படம் போடுதாவ?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். கடைசி வரைக்கும் அது லோக்கல்தான்.

லோக்கலில் சாயங்காலம் ஊர்ச் செய்தி உண்டு. பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தர் வந்து வாசிப்பார். எந்தத் தெருவில் நாளைக்குத் தண்ணீர் வராது, யாருடைய வெள்ளாடு காணாமல் போனது, எந்தக் கோயிலில் கொடியேற்றம், இவ்வளவுதான் செய்தி. பின்னால் நீலப் போர்வை ஒன்றைத் திரையாகக் கட்டியிருப்பார்கள். ஃபேன் சத்தம் மைக்கில் விழும் என்று அதை நிறுத்திவிடுவார்களாம். வாசிக்க வாசிக்க டீச்சர் முகத்துப் பவுடர் வியர்வையில் கரைந்து கோடுகோடாக இறங்கும். கீழே சைக்கிள் கடைக்காரர் ரிம்மைத் தட்டி நிமிர்த்த ஆரம்பித்தால் டீச்சர் வாசிப்பதை நிறுத்திவிட்டு நம்மைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் தட்டி முடிக்கிற வரைக்கும் ஊரும் டீச்சரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

படம் பிடிக்கிறவர் அண்ணாச்சியின் மச்சினர். கேமரா அண்ணன் என்போம். அடிப்படையில் அவர் கல்யாண வீடியோக்காரர். லோக்கலுக்காக ஆனித் தேரோட்டத்தை எடுக்க வந்தபோது, வடம் பிடித்தவர்கள் சாமியை விட்டுவிட்டு இவருடைய கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். அண்ணாச்சியின் டெக்கில் ஒரு படம் முடிந்து அடுத்த கேசட்டைப் போடும் வரை சும்மா விட முடியாதே. அந்த நேரத்துக்கென்று விளம்பரக் கேசட் ஒன்று இருந்தது. அல்வாக் கடை, ஜவுளிக் கடை, பாத்திரக் கடை, கடைசியாகக் கேமரா அண்ணனின் சொந்த வீடியோக் கடை.

அந்த விளம்பரம் எப்படித் தயாராகும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒட்டுவதற்கு, பூ தூவுவதற்கு, எழுத்துப் போடுவதற்கெல்லாம் மிஷின் இங்கே கிடையாது. கேமரா அண்ணன் தன் கடையில் கிடக்கிற கல்யாணக் கேசட்டுகளை ஒரு பையில் போட்டு மதுரைக்குப் பஸ்ஸில் கொடுத்துவிடுவார். அங்கே உள்ளவர்கள் தங்கள் கண்ணுக்கு லட்சணமாகப் பட்ட இடங்களை எடுத்து ஒட்டி அனுப்புவார்கள். திரும்பி வந்ததும் டெக்கில் தள்ளிவிடுவதுதான். போட்டுப் பார்க்க யாருக்கு நேரம்?

அப்படி மதுரைக்காரர்கள் கண்ணுக்கு லட்சணமாகப் பட்டவள் எங்கள் சித்தி.

சித்தி என் அம்மாவின் தங்கை. தாய் தகப்பன் போன பிறகு எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவள். அந்தத் தை மாதம் அப்பாதான் முன்னால் நின்று அவளைத் தச்சநல்லூரில் கட்டிக் கொடுத்திருந்தார். ஒரே பையன், சொந்த வீடு, இரும்புக் கடை. "கண்ணை மூடிட்டுக் கொடுக்கலாம்" என்று தரகர் சொன்னார். அப்படியேதான் கொடுத்தோம்.

விளம்பரம் முதன்முதலில் வந்தது சித்திரையில். நாதஸ்வரம் முழங்கும். மாப்பிள்ளை தாலி கட்டுவார். பக்கத்தில் யாரோ கேலி பேச, சித்தி தலையைக் குனிந்துகொண்டே சிரித்துவிடுவாள். அந்தச் சிரிப்போடு படம் அப்படியே நிற்கும். சுற்றிலும் ரோஜா நிறத்தில் ஒரு இதயம் வரும். இதயத்துக்குள் சித்தி. கீழே வீடியோக் கடையின் பெயர். அடேயப்பா, எங்கள் வீட்டில் அன்றைக்கு நடந்த அமர்க்களம்! அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். டிவி என்றாலே முகம் சுளிக்கிற அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மறுநாள் ஆபீஸிலும் சொல்லியிருக்கிறார். "நம்ம வீட்டுக் கல்யாணம்தான்வே, தினம் வருது, பாரும்" என்று.

ஆனி முடிகிற சமயம் சித்தி டவுண் பஸ்ஸில் தனியாக வந்து இறங்கினாள். ஒரு பை. முந்தானையால் வாயை மூடியிருந்தாள். அம்மா முந்தானையை விலக்கிப் பார்த்தாள். மேல்வரிசை முன்பல் ஒன்று பாதியோடு ஒடிந்திருந்தது.

"கொல்லையில தொவைக்கிற கல்லுல வழுக்கி விழுந்துட்டேன்க்கா" என்றாள் சித்தி.

அம்மா அவளை அடுப்படிக்குள் கூட்டிப் போனாள். பிறகு அம்மாவின் குரல் மட்டும் கேட்டது. "நீ என்னத்துக்கு எதுத்து வாயத் தொறந்த? கொஞ்சம் பொறுத்துப் போனாத்தான் என்ன?" கல்லில் வழுக்கி விழுந்தவள் யாரிடம் வாயைத் திறந்திருப்பாள், எதைப் பொறுத்துப் போயிருக்க வேண்டும்? அன்றைக்கு எனக்கு இந்தக் கேள்வி வரவில்லை. இன்றைக்கு நினைத்தால் நெஞ்சு காந்துகிறது. வீட்டில் இரண்டு பெரியவர்கள். இரண்டு பேருக்கும் அந்தக் கல்லே போதுமானதாக இருந்தது.

நல்ல வேளையாக ஆடி பிறந்தது. நல்ல வேளை என்று நான் சொல்லவில்லை, அப்பா சொன்னார். ஆடியில் புதுப்பெண் தாய்வீட்டுக்கு வருவது வழக்கம்தானே. யாரும் எதுவும் கேட்க முடியாது. எதிர்வீட்டு அத்தை கேட்டதற்கு அம்மா சிரித்துக்கொண்டே, "ஆடிக்குக் கூட்டிட்டு வந்தாச்சு. ஆவணியில மாப்பிள்ளை வந்து கூட்டிட்டுப் போவாவ" என்றாள்.

சித்தி வெளியே போனால் தெருப் பிள்ளைகள் பின்னாலேயே வந்து வாயாலேயே நாதஸ்வரம் வாசித்தார்கள். மளிகைக் கடையில், "டிவில வார பொண்ணுல்லா! மாப்பிள்ளை வரலியா?" என்று கேட்டார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவர்களுக்கு அவள் இதயத்துக்குள் சிரிக்கிற பெண், அவ்வளவுதான். ஆடிப் புதுத்தண்ணீர் வந்ததும் குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போவதென்றால் சித்திக்கு உயிர். அந்த வருஷம் ஒரே ஒரு தடவை போனாள். படித்துறையில் பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள் என்று ஈரச் சேலையோடு வந்தவள், அதன் பிறகு கொல்லையில் வாளித் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டாள்.

வீட்டுக்குள்ளும் நிம்மதி இல்லை. சாயங்காலம் அந்த விளம்பரம் வரும். அம்மா டிவியை அணைக்கப் போனால் அப்பா, "அணைக்காத. எதிர்த்தாப்புல கவனிப்பாவ" என்பார். எங்கள் முன்னறை தெருவைப் பார்த்தது. ஆகவே சித்தி அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். நாதஸ்வரம் ஓய்ந்ததும் ஒன்றும் நடக்காதது போல முறத்தையோ சம்புடத்தையோ தூக்கிக்கொண்டு வெளியே வருவாள்.

ஒருநாள் நான் டிவிக்கு முன்னால் பாயில் படுத்திருந்தேன். இதயத்துக்குள் சித்தி சிரித்தாள். எனக்கு அன்றைக்குத்தான் அது கண்ணில் பட்டது.

"அப்பா, டிவில சித்திக்குப் பல்லு முழுசா இருக்கு" என்றேன்.

அப்பா என்னைப் பார்க்காமல் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "வழுக்கி விழுந்தால்லா. அதுக்கு முந்தி எடுத்த படம் அது. போய்ப் படி."

அடுப்படிக் கதவு திறந்தது. சித்தி வந்து அப்பாவுக்கு எதிரே நின்றாள். அவள் அப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்துகூட நான் பார்த்ததில்லை, நேருக்கு நேர் நின்று பேசுவது எங்கே.

"அத்தான், நான் வேற ஒண்ணும் கேக்கல. அத மட்டும் நிறுத்தச் சொல்லுங்க."

"எத?"

"இந்த விளம்பரத்த."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நிறுத்தச் சொன்னா ஏன்னு கேப்பான். அவன் கேட்டா அவன் பொண்டாட்டி கேப்பா. பொறவு டவுணே கேக்கும். என்ன பதில் சொல்லச் சொல்லுத?"

"ஒண்ணும் சொல்லாண்டாம் அத்தான். எனக்கு வெளிய தல காட்ட முடியல."

"ஓடட்டும் விடு. அது ஓடுத வரைக்கும் நீ அந்த வீட்டு மருமவ. ஊரு கண்ணுக்கு அதுதான் சாட்சி."

சித்தி திரும்ப அடுப்படிக்குள் போய்விட்டாள். அப்பா கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் இருக்காது. அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டுதான் அதைச் சொன்னார். கல்யாணப் பத்திரிகையை அலமாரியில் பத்திரமாக வைப்பதில்லையா, அந்த மாதிரி அந்த விளம்பரத்தை ஊர் பூராவும் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தார்.

ஆவணி வந்தது. மாப்பிள்ளை வரவில்லை. அப்பா இரண்டு மூன்று ஆட்களைத் தச்சநல்லூருக்கு அனுப்பினார். போனவர்கள் அங்கே காப்பி குடித்துவிட்டு, "பாக்கலாம்னு சொல்லுதாவ" என்று வந்து சொன்னார்கள். புரட்டாசியில் செய்தி டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். டிவியில் பார்த்தவரை வாசலில் கண்டதும் நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அவருடைய பள்ளிக்கூடத்தில் பாலர் வகுப்புக்கு ஆள் வேண்டுமாம். "உங்க தங்கச்சி படிச்ச பிள்ளை, சும்மாதானே இருக்கா, அனுப்புங்களேன்" என்று அம்மாவிடம் கேட்டார். சித்தி கதவுக்குப் பின்னால் நின்றாள். அவள் விரல்கள் கதவு விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது மட்டும் எனக்குத் தெரிந்தது.

அப்பாதான் பதில் சொன்னார். "புருசன் வீட்டுக்குப் போற பிள்ளை டீச்சர். தலைதீவாளி வேற வருது. மாப்பிள்ளை வந்து கூட்டிட்டுப் போயிருவாவ."

டீச்சர் போன பிறகு, "வேலைக்கு அனுப்பினா வாழாவெட்டின்னு நாமளே தட்டி எழுதி வாசல்ல வச்ச மாதிரி" என்று அம்மாவிடம் சொன்னார். சித்தியின் காதில் விழட்டும் என்று சொன்னாரா, விழாது என்று நினைத்தாரா, தெரியவில்லை. விழுந்தது.

அப்புறம் வீட்டில் எல்லாமே தலைதீபாவளியைப் பார்த்துத்தான் நடந்தது. மாப்பிள்ளைக்குப் பட்டுக்கரை வேட்டி, சட்டைத் துணி. சித்திக்கு மாம்பழ நிறத்தில் புடவை. ஆள் மேல் ஆள் சொல்லி அனுப்பியாயிற்று. வருகிறேன் என்று சொல்லவில்லை என்றாலும், வரமாட்டேன் என்றும் சொல்லவில்லையே என்பது அப்பாவின் வாதம். முதல் நாள் வருவார் என்று பார்த்தோம். வரவில்லை. "காலையில நேரா வந்திருவாவ" என்றார் அப்பா.

தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச் சட்டை போட்டு, எல்லோரும் தயாராக இருந்தோம். சொதி இல்லாமல் மாப்பிள்ளைக்கு இலை போடுவதாவது! அம்மா தேங்காய்ப் பால் பிழிந்து சொதிக்குத் தயாராக மூடி வைத்திருந்தாள். புதுப் புடவையில் சித்தி அடுப்படியில் இஞ்சிப் பச்சடிக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். அப்பா நாற்காலியை வாசல் தெரிகிற மாதிரி போட்டு உட்கார்ந்திருந்தார். முக்குத் திரும்புகிற ஒவ்வொரு ஆட்டோவுக்கும் கழுத்தை நீட்டினார். தெரு முழுக்க வெடிப் புகை. தீபாவளிச் சிறப்பு என்று லோக்கலில் காலையிலேயே புதுப்படம் போட்டதால் எல்லா வீட்டிலும் டிவிச் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது.

படம் முடிந்தது. விளம்பரம் ஆரம்பித்தது. தீபாவளிக்காகக் கேசட்டைப் புதிதாக்கியிருந்தார்கள். அல்வாக் கடை விளம்பரம் புதுசு, ஜவுளிக் கடை விளம்பரம் புதுசு. எனக்கு ஒரே சந்தோஷம். அதன் பிறகு பழைய அதே நாதஸ்வரம். அடுப்படிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

மாப்பிள்ளை தாலி கட்டினார். அதே மீசை. தாலி கட்டும்போது உதட்டைக் கடித்துக்கொள்கிற அதே பழக்கம். பக்கத்தில் இருந்தது வேறு யாரோ ஒரு பெண். அவளும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். இதயம் வந்து அவளைச் சுற்றிக்கொண்டது.

நான் கத்திவிட்டேன். "அம்மா, டிவில சித்தியக் காணல!"

அப்பா எழுந்து வந்து டிவியை அணைத்தார். அணைத்து என்ன பிரயோஜனம்? எதிர்வீட்டில் நாதஸ்வரம் முழங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்த வீட்டிலும். அப்புறம் எதிர்வீட்டில் யாரோ டிவியைப் பட்டென்று அணைத்தார்கள். பக்கத்து வீட்டிலும் சத்தம் நின்றது. ஒன்று மாற்றி ஒன்றாகத் தெருவில் டிவி எல்லாம் ஓய்ந்துபோயிற்று. விவரம் புரியாத சின்னப் பிள்ளைகள் மட்டும் வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அம்மா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். அப்பா டிவிக்கு முன்னால் புது வேட்டியோடு நின்றார். அடுப்படியிலிருந்து சித்தி வந்தாள். இஞ்சி அரைத்த கையைத் துடைக்கக்கூட இல்லை.

"போடுங்க அத்தான்."

அப்பா அசையவில்லை. அவளே போய்ப் போட்டாள். டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். அடுத்த படத்துக்கு இன்னும் நேரம் இருந்தது போலிருக்கிறது, கேசட் மறுபடி முதலிலிருந்து ஓடியது. அல்வாக் கடை, ஜவுளிக் கடை, பாத்திரக் கடை எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தாள். நாதஸ்வரம் வந்ததும் முகத்தை டிவிக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். மாப்பிள்ளையை அவள் பார்த்த மாதிரியே தெரியவில்லை. அந்தப் பெண் சிரித்தபோது படம் நின்றது இல்லையா, அதைத்தான் பார்த்தாள்.

"பல்லு வரிசையா இருக்கு இந்தப் பிள்ளைக்கு" என்றாள்.

அவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். "அத்தான், நான் வழுக்கி விழல. அவுக அம்மிக் குழவிய எடுத்து வீசுனாவ. உங்களுக்கும் தெரியும், அக்காளுக்கும் தெரியும். எனக்காக ஒண்ணும் கேக்காண்டாம். அந்தப் பிள்ளை வீட்டுல போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க. அது போதும்."

அப்பா வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "நாம போய்ச் சொன்னா, வயித்தெரிச்சல்ல சொல்லுதாம்பாவ."

அவர் போகவில்லை. அன்றைக்கும் போகவில்லை, பிறகும் போகவில்லை. சொதி அப்படியே இருந்தது. யாரும் இலை போடவில்லை.

சாயங்காலம் கேமரா அண்ணன் ஓடிவந்தார். வாசலிலேயே அழுதுவிட்டார் பாவம். அந்தக் கல்யாணத்துக்கு அவர் போகவில்லையாம். ஏதோ கோயிலில் வைத்து அவசரமாக நடந்த கல்யாணம் என்று கேமராவை வேறொரு ஆளிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். அந்தக் கேசட்டும் மற்றக் கேசட்டுகளோடு மதுரைக்குப் போயிருக்கிறது. காலையில் பஸ்ஸில் வந்ததை அப்படியே டெக்கில் தள்ளியிருக்கிறார்கள்.

"நான் எடுத்துட்டேன் அண்ணாச்சி, இனிமே வராது" என்றார் அப்பாவிடம். "தங்கச்சி இங்கனதான் இருக்குன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அந்தப் பழசையும் அப்பவே எடுத்திருப்பேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா? நான் ஏன் எதுக்குன்னு கேட்டிருக்கவே மாட்டேன்."

அப்பா தலையைத் தலையை ஆட்டினார். நடையில் நின்றிருந்த சித்தி, "அந்தப் பிள்ளைக்கு எந்த ஊரு அண்ணே?" என்று மட்டும் கேட்டாள். முக்கூடல் என்றார் அவர்.

தீபாவளி கழிந்து சில நாளில் சித்தி என்னைக் கூட்டிக்கொண்டு முக்கூடல் பஸ் ஏறினாள். வீட்டில் கோயிலுக்கு என்று சொல்லியிருந்தாள். எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. ஐப்பசி மழையில் தாமிரபரணி செம்மண் நிறத்தில் கரை தட்டிப் போய்க்கொண்டிருந்தது. விசாரித்து விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தோம். புதுப்பெண் தச்சநல்லூர் போய்விட்டாள். அவள் அம்மா மட்டும் இருந்தாள். எங்களை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். நல்ல மனுஷியாகத்தான் தெரிந்தாள், சித்தி யார் என்று சொல்கிற வரைக்கும்.

சித்தி எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினாள். என் கண்ணுக்கு முன்னால் அவள் அதை யாருக்கும் காட்டியதில்லை.

அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "மொதல் தாரம் வாயாடின்னும், வாழத் தெரியாமப் போயிட்டான்னும் எங்ககிட்ட எல்லாம் சொல்லித்தான் கட்டுனாவ. நீ விழுந்து பல்ல ஒடச்சதுக்கு மாப்பிள்ளையச் சொன்னா எப்படி? உண்மையா இருந்தா அன்னைக்கே உங்க வீட்டு ஆம்பளைங்க வந்து சொல்லியிருப்பாவல்லா?"

தண்ணீர்ச் செம்பைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தோம். திரும்பி வரும்போது டவுண் வருகிற வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். பிடித்த இடம் சிவந்திருந்தது.

அடுத்த வாரம் அவளே செய்தி டீச்சரைப் போய்ப் பார்த்துப் பாலர் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். அப்பா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. தட்டி எழுதி வைக்கிற வேலையை டிவியே செய்து முடித்துவிட்டதே, இனி அவர் சொல்ல என்ன இருக்கிறது. அதற்குப் பிறகு அவர் லோக்கல் பார்த்ததே இல்லை. அந்த வயரை ஜன்னல் கம்பியிலிருந்து ஒருநாள் தானே அவிழ்த்து வெளியே எறிந்தார்.

லோக்கலும் ரொம்ப நாள் இருக்கவில்லை. பெரிய கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். கேபிள் அண்ணாச்சி எல்லாவற்றையும் அவர்களிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிட்டார். கேசட்டுகள் சாக்குச் சாக்காகப் பழைய இரும்புக் கடைக்குப் போயின. உள்ளே இருந்த நாடாவை உருவி, தச்சநல்லூர்ப் பக்கத்து வயல்களில் குருவி விரட்டக் கட்டியிருந்தார்கள். வெயிலில் பளபளவென்று ஆடும். பஸ்ஸில் போகும்போது, சித்தி முழுப் பல்லோடு சிரித்தது இதில் எந்த நாடாவில் இருக்கிறதோ என்று பார்த்துக்கொண்டே போவேன். எங்கள் வீட்டுக் கல்யாணக் கேசட்டைச் சித்தி எப்போதோ அடுப்பில் போட்டுவிட்டாள். அது எரிந்த நாற்றம் இரண்டு நாள் வீட்டை விட்டுப் போகவில்லை.

நான் கல்லூரிக்குப் போக ஆரம்பித்த பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஜங்ஷன் போகிற டவுண் பஸ்ஸில் ஒரு பெண் கைக்குழந்தையோடு ஏறினாள். நான் எழுந்து இடம் கொடுத்தேன். அவள் உட்கார்ந்து நிமிர்ந்தபோதுதான் முகத்தைப் பார்த்தேன். ஒரே ஒரு நாள், ஒரு காலைப்பொழுது டிவியில் வந்த முகம். அதை மறப்பேனா நான்? குழந்தை எதற்கோ கெக்கெக்கென்று சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரிக்கும்போதே கை போய் வாயை மூடிக்கொண்டது. குழந்தை விளையாட்டாக அந்தக் கையைப் பிடித்து இழுத்தது. முன்வரிசையில் இரண்டு பல் இல்லை.

நான் ஜங்ஷன் வருவதற்கு முன்பே இறங்கிவிட்டேன். வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

சித்தி முன்னறையில் பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்கு அட்டையில் கிளி வெட்டிக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவள், அவளைப் பார்த்ததும் சொல்லிவிட்டேன். "சித்தி, டிவில வந்த அந்தப் பிள்ளைய பஸ்ல பாத்தேன்."

கத்தரிக்கோல் நின்றது. யார் என்று அவள் கேட்கவில்லை. நல்லாயிருக்கிறாளா என்றும் கேட்கவில்லை.

"பல்லு?" என்றாள்.

"வரிசையா இருக்கு சித்தி."

"அப்பாடி" என்று சொல்லிச் சிரித்தாள் சித்தி, கையால் வாயை மூடிக்கொண்டு.